பெரிய வண்டியா, சிறிய வண்டியா?

பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு இப்போது நல்ல காலம் பிறந்திருக்கிறது. முப்பது வருஷங்களாகக் கோழிகள் ஏறி அடைந்துகொண்டிருந்த வண்டியைக்கூடத் துடைத்துச் சாயம் பூசி, "விலைக்கு உண்டு" என்று வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். பாட்டனார் ஓட்டிய வண்டியில் பேரப்பிள்ளை பவனி வருவதைத் திருச்செங்கோட்டு வீதிகளிலும் பார்க்கலாம்.

"பழைய வண்டியில் பெரியது வாங்கலாமா, சிறியது வாங்கலாமா, சார்?" என்று என்னிடம் முன்பு படித்த வாலிபர் ஒருவர் சமீபத்தில் கேட்டார். நம் ஊர் ரிக் லாரியில் ஏறிப் போய், வட தேசத்தில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி, இரண்டு வருஷம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அவர் கையில் இருக்கிறது. ஓரிடத்தில் 350 புல்லட் ஒன்றும், மற்றோரிடத்தில் 250 ஜாவா ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. முழங்கால் வலியுள்ள தாயாரை மாதம் ஒரு முறை ஈரோட்டு வைத்தியரிடம் அழைத்துப்போவதும் அந்த வண்டியில்தான் என்றார். ஆகவே இதை வெறும் பொழுதுபோக்குக் கேள்வியாகத் தள்ளிவிடுவதற்கில்லை.

இரண்டின் ஜாதகத்தையும் பார்ப்போம். புல்லட் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்தில் பிறந்தது. 1955-ம் வருஷத்தில் அந்தக் கம்பெனியாரும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் கூடி என்பீல்டு இந்தியா கம்பெனியை ஏற்படுத்தினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பிற்பாடு இங்கிலாந்தில் தாய் வீடு மூடப்பட்டது. சென்னைக்கு வந்த பெண்ணோ வம்சத்தை விளங்க வைத்துவிட்டாள்! ஜாவா செக்கோஸ்லோவேகியா தேசத்தது. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனியார் 1961 முதல் அதை உற்பத்தி செய்தார்கள். பின்னர் யெஸ்டி என்று பெயர் மாற்றினார்கள். 1996-ல் கதவைச் சாத்தினார்கள்.

அடுத்தது அளவு. புல்லட் சிலிண்டரின் விட்டம் 70 மில்லி மீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. பள்ளிக்கூடக் கணக்குப்படி போட்டால் 346 கன சென்டி மீட்டர் வருகிறது. ஜாவாவுக்கு 65, 75. கணக்கு 249-ல் நிற்கிறது. நூறு அதிகமாயிற்றே என்று மயங்க வேண்டாம். புல்லட்டில் பிஸ்டன் இரண்டு முறை ஏறி இறங்கினால்தான் ஒரு வெடி. ஜாவாவிலோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. ஆகையால் இழுக்கும் சக்தியில் எண்கள் காட்டுகிற அவ்வளவு வித்தியாசம் கிடையாது. அதற்குப் பிரதியாக, ஜாவாவுக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் அளந்து கலக்க வேண்டும். ஒரு நாள் மறந்தால் பிஸ்டன் சிலிண்டரிலேயே பிடித்துக்கொள்ளும்.

ஓடுகிற நாளில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். பழைய வண்டியை நிற்கிற நாளை வைத்து நிறுக்க வேண்டும். அதற்கு மூன்று பரீட்சைகள் உண்டு.

முதலாவது, கால். புல்லட்டை வெறும் பலத்தால் உதைத்தால் அது திருப்பி உதைக்கும், கணுக்கால் வீங்கும். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, சிறிய லீவரைப் பிடித்து அமுக்கத்தை விட்டு, இன்னும் கொஞ்சம் இறக்கி, பிறகு ஒரே உதையாக உதைக்க வேண்டும். ஜாவா சாது, கிக்கரையே மடக்கிக் கியராகவும் உபயோகிக்கலாம்.

இரண்டாவது, கை. புல்லட் 160 கிலோவுக்குக் குறையாது. ஜாவா ஏறக்குறைய முப்பது கிலோ குறைவு. சித்திரை வெயிலில் ஒரு மைல் தள்ளிப் பார்த்தவர்களுக்கு அந்த முப்பது கிலோவின் அருமை தெரியும்.

மூன்றாவது, பட்டறை. புல்லட்டின் பழைய இரும்பு இஞ்சின், 2010-ஐ ஒட்டிப் புதிய இஞ்சின் வரும்வரையில், அடிப்படை மாறாமலே வந்துகொண்டிருந்தது. ஆகவே உதிரிச் சாமானும் கிடைக்கும்; அதைப் பிரித்துப் பூட்டிய கையும் கிடைக்கும். ஜாவா என்ற பெயர் 2018-ல் மறுபடியும் சந்தைக்கு வந்தது வாஸ்தவமே. ஆனால் அதன் இஞ்சினே வேறு. அதன் சாமான் பழையதற்கு உதவாது. நம் ஊர் லேத் பட்டறைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஒரு புஷ்ஷைக் கடைந்து கொடுப்பார்கள். எல்லாவற்றையும் கடைந்துகொண்டிருக்க முடியுமா?

முதல் இரண்டு பரீட்சைகளிலும் சிறிய வண்டிக்கு ஜயம், மூன்றாவதில் பெரியதற்கு. அப்படியானால் தீர்ப்பு ஆளைப் பொறுத்ததுதான். மெலிந்த தேகமுள்ளவரும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சங்ககிரி வரை சென்று வருபவரும், உதிரிச் சாமானுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமையுள்ளவரும் ஜாவா வாங்கிச் சந்தோஷமாக இருக்கலாம். நம் வாலிபரோ இரும்புக் குழாய்களைத் தூக்கிப் பழகியவர். 160 கிலோ அவருக்கு ஒரு பொருட்டல்ல. சாமான் கிடைக்காத வண்டிதான் அவருடைய தாயாரை நடுவழியில் நிறுத்தும். ஆகவே புல்லட் என்பது என் அபிப்பிராயம். அதிலும் 350 போதும். 500-ல் பிஸ்டன் ஏறும் தூரம் அதே 90 தான். விட்டம் 84 ஆக அகன்றிருக்கிறது. பெட்ரோல் செலவும் உதைக்கும் சிரமமும் கூடும். ஈரோட்டுக்குப் போக அது எதற்கு?

இரண்டு நிபந்தனைகள் உண்டு. சேர்த்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விலையாகக் கொடுக்கலாகாது. மிச்சம் பட்டறைக்கு என்று தனியே இருக்கட்டும். பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. இக்காலத்து வண்டியில் பழகிய கால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். அந்தப் பழக்கம் மாறும்வரை வெறும் மைதானத்தில் ஓட்ட வேண்டும். அதன் பிறகே தாயாரை ஏற்றலாம்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். பதினைந்து வருஷம் கடந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஐம்பது வருஷம் கடந்ததைப் "புராதன வண்டி" என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் விதி வந்திருக்கிறது. அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் ஓட்டலாம், தினசரி வேலைக்கு ஆகாது. பதிவுப் புத்தகத்திலுள்ள இஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் வெட்டியிருப்பவையோடு ஒத்திராவிட்டால், பெரியதோ சிறியதோ, கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

புல்லட்டின் "தடதட" சத்தத்தைக் கேட்டு ஊரார் திரும்பிப் பார்ப்பது உண்மைதான். அந்தக் கௌரவத்துக்காக மட்டும் வாங்குகிறவர், வண்டி நின்றுபோன நாளிலும் அதே ஊரார் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.