முதலில் தராசு, பிறகு பென்சில்

வானத்திலிருந்து படம் எடுக்க ட்ரோன் வேண்டுமென்றால் கடைக்குப் போனால் போதும். பெட்டியைப் பிரித்து, பேட்டரியைச் செருகி, கைப்பேசியோடு இணைத்தால் கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் பலரிடம் இப்போது ஒன்று இருக்கிறது. அப்படியிருக்க, ஒருவன் ஏன் நான்கு மாதம் உட்கார்ந்து சொந்தமாக ஒன்றை வடிவமைக்க வேண்டும்? என் சித்தி மகனிடம் இதைத்தான் கேட்டேன். தொழிற்கல்லூரியில் மின்னியல் படித்தவன், அதிகம் பேசமாட்டான்.

"வீடியோவுக்கு இல்லக்கா, தோட்டத்துக்கு" என்றான்.

அவன் சொன்னது எங்கள் பாட்டி பால்மரம் சீவிய தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது. மூன்று வரிசை லயங்கள், மாரியம்மன் கோயில், ஆயாக் கொட்டகையின் சிமெண்டுத் தரை, கிணறு எல்லாம் இன்னும் இருக்கின்றன. ஆனால் எங்கள் குடும்பத்திலுள்ள தோட்டத்துப் படங்கள் எல்லாமே ஆட்களின் படங்கள். பின்னால் ஒரு கதவு தெரியும், பாதிச் சுவர் தெரியும், அவ்வளவுதான். எந்த வீடு எங்கே இருந்தது, கிணற்றடியிலிருந்து கோயிலுக்குப் பாதை எப்படிப் போனது என்று காட்ட ஒரு காகிதம்கூட இல்லை. தோட்டத்தை நேர் மேலிருந்து வரிசை வரிசையாகப் படமெடுத்து, அவற்றைக் கணினியில் ஒட்டி, ஒரே பெரிய வரைபடமாக்க வேண்டும். பிறகு பெரியவர்களை உட்கார வைத்து, யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். இதுதான் அவன் திட்டம்.

கடை ட்ரோனாலும் இதைச் செய்யலாம், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவனிடம் ஏற்கெனவே ஒரு பழைய சோனி ஏ6000 கேமரா இருக்கிறது. விலை குறைந்த ட்ரோன்களில் வரும் சின்னக் கேமராவைவிட அதன் படம் தெளிவு. அந்தக் கேமராவைத் தூக்க ஒரு பிரேம் வேண்டும். பிரேமை வரைவதற்கு முன் அவன் செய்த முதல் வேலை, சித்தி சமையலறையில் கேக் மாவு நிறுக்க வைத்திருந்த தராசை எடுத்துக்கொண்டு போனது. சித்திக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கேமராவும் 16-50 லென்சும் சேர்ந்து 460 கிராம். பேட்டரி 850 கிராம். மோட்டார்கள், இறக்கைகள், மின்சுற்றுகள், கம்பிகள் என்று ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதினான். மொத்தம் இரண்டரைக் கிலோவைத் தாண்டக் கூடாது, அதில் பிரேமுக்கு 450 கிராம்தான் என்று கோடு போட்டுவிட்டான். எடையில் ஏன் இத்தனை கறார் என்றால், எடை 10 விழுக்காடு கூடினால் மிதந்து நிற்கத் தேவைப்படும் மின்சாரம் ஏறக்குறைய 15 விழுக்காடு கூடுகிறது. பெரிய பேட்டரி போட்டால் அதிக நேரம் பறக்கலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஓர் அளவுக்கு மேல், பேட்டரி தன்னைத் தூக்குவதற்கே தன் மின்சாரத்தைச் செலவழிக்கிறதாம். நம்மில் சிலர் சம்பாதிப்பது காரின் மாதத் தவணைக்கே சரியாகப் போய்விடுவது போல.

இன்னொரு கணக்கும் உண்டு. மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து, ட்ரோனின் எடையைப் போல இரண்டு மடங்காவது தூக்கும் சக்தி கொண்டிருக்க வேண்டும். காற்றடித்தால் சமாளிக்க அந்த மிச்சம் வேண்டும். இரண்டரைக் கிலோவுக்கு ஐந்து கிலோ, நான்கு மோட்டார் என்றால் ஒன்றுக்கு 1.25 கிலோ. சின்ன இறக்கையை வேகமாகச் சுற்றுவதைவிடப் பெரிய இறக்கையை மெதுவாகச் சுற்றுவதில் மின்சாரம் மிச்சமாகும் என்பதால் 15 அங்குல இறக்கையைத் தேர்ந்தெடுத்தான்.

பிரேமின் அளவை முடிவு செய்தது அந்த இறக்கைதான். 15 அங்குலம் என்றால் 381 மில்லிமீட்டர். பக்கத்துப் பக்கத்து இறக்கைகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. மூலைக்கு மூலை 600 மில்லிமீட்டர் வைத்தால் அடுத்தடுத்த மோட்டார்களுக்கு நடுவே 424 மில்லிமீட்டர் வரும், இறக்கைகளின் நுனிகளுக்கு இடையே நான்கு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம் கிடைக்கும். கார்பன் தகட்டில் கை வைப்பதற்கு முன், இதை அட்டைப் பெட்டியில் முழு அளவில் வெட்டி, கூடத்துத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தான். பேட்டரிக்கு ஒரு செங்கல் துண்டு, கேமராவுக்கு ஒரு மைலோ டின். முன்னும் பின்னும் நகர்த்தி, நடுப்புள்ளியில் விரலை வைத்துத் தூக்கினால் சாயாமல் நிற்கிறதா என்று சோதித்தான். பேட்டரி இருக்கும் தட்டை நகரும்படி அமைத்திருப்பது அதற்காகத்தான்.

"ஆறு மோட்டார் வச்சா நல்லதுதானே?" என்று கேட்டேன். கோயில் திருவிழாக்களில் ஆறு கை, எட்டு கை ட்ரோன்களைப் பார்த்திருக்கிறேன்.

"ஆளுங்க தலைக்கு மேல பறக்கிறதா இருந்தா கண்டிப்பா ஆறுக்கா. நாலுல ஒன்னு நின்னா விழுந்துடும். ஆறுல ஒன்னு நின்னா, மிச்ச சக்தி இருந்தா இறக்கிடலாம். ஆனா நான் ஆளுங்க மேல பறக்கப் போறதில்லை" என்றான். இரண்டு மோட்டார் கூடினால் அவற்றின் எடையும் கூடும், பிரேமும் பெரிதாகும். ஆட்கள் நடமாடாத நேரத்தில் மட்டும் பறப்பது என்று முதலிலேயே தீர்மானித்ததால்தான் நான்கு போதும் என்றானது. இரண்டரைக் கிலோ மேலிருந்து விழுந்தால் என்னாகும் என்று யோசிக்காமல் கூட்டத்தின் மேல் பறக்க விடுகிறவர்களை நினைத்தால் எனக்கு இப்போது கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

எனக்கு நன்றாகப் புரிந்த பகுதி அதிர்வு. வானொலி நிலையத்தில் மைக் ஒரு ரப்பர் கூட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். மேசையைத் தட்டினால் அந்தச் சத்தம் நேயர்களுக்குப் போகாமலிருக்க அந்த ஏற்பாடு. இங்கேயும் அதே கதைதான். இறக்கை நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், அதிலுள்ள சிறு எடைக்கோணல்கூட வினாடிக்கு 67 முறை பிரேமை உலுக்கும். அந்த நடுக்கம் கேமராவுக்குப் போனால் வீடியோ அகர்அகர் மாதிரி ஆடும், படம் மங்கும். அதனால் இறக்கைகளை ஒவ்வொன்றாகச் சமன்படுத்தி, கேமராத் தட்டை நான்கு ரப்பர் உருண்டைகளில் தொங்கவிட்டான். ரப்பர் கெட்டியாக இருந்தால் நடுக்கம் அப்படியே இறங்கும், மிகவும் இளகியிருந்தால் கேமரா ஊஞ்சலாடும். மூன்று வகை வாங்கிப் பார்த்துத்தான் ஒன்றைப் பொருத்தினான். கேமராவை நிமிர்த்தி வைக்கும் கிம்பலை அவன் போடவே இல்லை. அந்த அளவு கேமராவுக்கான கிம்பல் பெரும்பாலும் கேமராவைவிடக் கனம். நேர் கீழே மட்டும் பார்க்கும் வேலைக்கு அது தேவையில்லை. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று தாராளமாகப் படியும்படி எடுத்தால் சிறு சாய்வை மென்பொருள் சரிசெய்துவிடும்.

கைகள் கார்பன் குழாய், நடுவில் இரண்டு கார்பன் தகடுகள். அலுமினியத்தைவிட எடை குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், ரேடியோ அலைகளைத் தடுக்கும். அதனால் ஜிபிஎஸ் ஒரு சின்னக் கம்பத்தின் உச்சியில் நிற்கிறது. கூடவே இருக்கும் திசைகாட்டியும் மின்கம்பிகளிலிருந்து விலகியிருக்க வேண்டுமாம். வீட்டில் முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: கார்பனை அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்க வேண்டும்.

முதல் சோதனை ஒரு காலித் திடலில். இடுப்பு உயரத்தில் இரண்டு நிமிடம் மிதக்கவிட்டு இறக்கியதும், அவன் செய்தது மோட்டார்களைத் தொட்டுப் பார்த்தது. எதிரெதிர் மூலையிலிருந்த இரண்டு மட்டும் சூடாக இருந்தன. ஒரு குழாய் அதன் பிடிக்குள் இம்மியளவு திரும்பியிருந்தது. மோட்டார் சாய்ந்ததால் ட்ரோன் ஒரு பக்கமாகச் சுழலப் பார்த்திருக்கிறது, அதைத் தடுக்க அந்த இரண்டும் கூடுதலாக உழைத்திருக்கின்றன. உருண்டைக் குழாயில் இந்தத் தொல்லை உண்டு. இப்போது ஒவ்வொரு பிடியிலும் குழாயை ஊடுருவி ஒரு சின்ன ஆணி இருக்கிறது. எடை நான்கு கிராம் கூடியது. தராசில் வைத்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டான்.

80 மீட்டர் உயரத்தில், லென்சை 16 மில்லிமீட்டரில் வைத்தால், ஒரு படத்தில் 117 மீட்டர் அகலம் விழும். படத்தின் ஒரு புள்ளி தரையில் 2 சென்டிமீட்டர். லயத்து வாசல்படி தெரியும். கிணற்றின் விளிம்பு தெரியும். நம் நாட்டில் அனுமதியில்லாமல் பறக்கக்கூடிய 400 அடி உச்சவரம்புக்கு இது நன்றாகக் கீழேதான். ஆனால் உயரம் மட்டும் போதாது. கட்டடங்களுக்கும் ஆட்களுக்கும் 50 மீட்டருக்குள் கேமரா ட்ரோன் போவதற்கும், 1,000 பேருக்கு மேல் கூடும் இடத்தை 150 மீட்டருக்குள் நெருங்குவதற்கும் வான் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். வானிலிருந்து படமெடுப்பதற்கு ஜூபெம் என்ற நில அளவைத் துறையின் அனுமதி தனி. நிலத்துக்காரரின் சம்மதம் அதற்கும் மேலே. ட்ரோன் வைத்திருக்கும் நண்பர்களில் எத்தனை பேர் இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று கேட்டால் சங்கடமாகத்தான் இருக்கும்.

விண்ணப்பங்களைப் போட்டுவிட்டான். பிரேமை நிறுத்தபோது 438 கிராம். மேட்டு லயத்தில் கூரைத் தகரங்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள் என்று போன வாரம் மாமா தொலைபேசியில் சொன்னார். மற்ற இரண்டு வரிசைகள் அடுத்த மாதம்.