ஒத்து ஊதுவதற்கு ஆளில்லை

பத்திரிகைத் தொழிலில் "ஒத்து ஊதுதல்" என்ற சொல்லுக்கு ஒரேயொரு பொருள்தான் உண்டு. அப்படி ஊதுவதற்கு ஆட்களுக்கு ஒருபோதும் பஞ்சம் வந்ததில்லை. நான் இங்கே எழுத வந்தது அந்த ஒத்தைப் பற்றியல்ல. மெய்யான ஒத்தைப் பற்றி.

இருபது வயதில் யாழ்ப்பாணத்தில் சில மாதங்கள் புல்லாங்குழல் பயின்றேன். பிறகு இடப்பெயர்வு, கொழும்பு, பத்திரிகைக் கந்தோர், இரவுப் பணி, அதனோடு சேர்ந்து வந்த சிகரெட் என்று காலம் ஓடிற்று. ஐம்பதைத் தாண்டிய பின்னர் வைத்தியரின் சொற்கேட்டுச் சிகரெட்டை விட்டேன். கைக்கு வேறு வேலை தேவைப்பட்டதால், பெட்டிக்குள் கிடந்த குழலை மீண்டும் எடுத்தேன். ஒரு சுரத்தை ஒன்பது விநாடிகளுக்கு மேல் பிடிக்க முடியவில்லை. தலை சுற்றியது. என் நுரையீரலைப் புகை தின்றுவிட்டது என்றே முடிவு செய்தேன்.

அயலில் வசிக்கும் முதிய நாதஸ்வர வித்துவான் ஒருவர் நான் ஊதுவதைச் சில நாட்கள் பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு மாலை வேலிக்கு அப்பால் நின்று சொன்னார்: "தம்பி, உமக்கு மூச்சுக் காணாமல் இல்லை. உள்ளுக்கை இருக்கிற மூச்சைச் செலவழிக்கத் தெரியேல்லை."

அவர் சொன்னது முற்றிலும் சரி. மூச்சுக் கட்டுப்பாடு என்றவுடன் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களை நினைக்கின்றார்கள்: நெஞ்சு நிறையக் காற்றை இழுப்பது, இழுத்ததை அடக்கி வைப்பது. குழலுக்கு இரண்டுமே போதா. நெஞ்சை நிமிர்த்தித் தோளை உயர்த்தி இழுக்கும் மூச்சு கழுத்தை இறுக்குமேயன்றி அதிகக் காற்றைத் தராது. அடிவயிறும் கீழ் விலா எலும்புகளும் பக்கவாட்டில் விரியும்படி, தோள் அசையாமல் இழுக்க வேண்டும். அதைவிட முக்கியமானது அடுத்த கட்டம். நிரம்பிய நுரையீரல், ஊதிய பலூனைப் போலத் தானாகவே சுருங்க முயலும். ஆகவே முதற் சில விநாடிகளில் நமது வேலை காற்றைத் தள்ளுவதல்ல, அது பாய்ந்து வெளியேறாமல் மறிப்பது. விரிந்த விலா விரிந்தபடியே இருக்க, காற்று மட்டும் கசிய வேண்டும். மூச்சு முடியும் தறுவாயில்தான் வயிற்றுத் தசை உள்ளே அழுத்த வேண்டும். பழகாதவன் இதைத் தலைகீழாகச் செய்கின்றான்: தொடக்கத்தில் வாரி இறைத்துவிட்டு முடிவில் கடன் தேடுகின்றான். (எங்கள் வீட்டு மாதச் செலவும் இந்த முறையில்தான் நடப்பதாக மனைவி சொல்கின்றார்.)

கருவிக்குக் கருவி கணக்கும் வேறு. புல்லாங்குழலில் காற்று துளையின் விளிம்பில் மோதிப் பிளந்து, ஒரு பகுதி வெளியே போய்விடும். உதட்டின் இடைவெளி சற்று அகன்றாலும் வீண்செலவுதான். எனக்குத் தலை சுற்றியதற்கும் புகை காரணமல்ல. தேவைக்கு அதிகமாக ஊதித்தள்ளியபோது இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைந்ததே காரணம். இரட்டை நாக்குக் கொண்ட கருவிகளின் கதை வேறு. மேலைத்தேய ஓபோவின் ஒடுங்கிய நாக்கு மிகக் குறைந்த காற்றையே ஏற்கும். அதை வாசிப்பவர்கள் காற்றுத் தீர்ந்து தவிப்பதில்லை, பழைய காற்று வெளியேற வழியில்லாமல் தவிக்கின்றார்கள். புதுமூச்சு இழுக்குமுன் மிச்சத்தை வெளிவிடப் பழகுவது அவர்களுக்கு ஒரு தனிப்பாடம். நமது நாதஸ்வரத்தின் சீவாளி அதைவிட அகலமானது. அதற்கு அழுத்தமும் வேண்டும், காற்றும் வேண்டும். அதிலும் கமகத்தின் பெரும்பகுதி விரலால் மட்டும் வருவதல்ல; உதட்டின் பிடியாலும் காற்றின் ஏற்ற இறக்கத்தாலும் வருவது. காற்றுத் தளர்ந்தால் சுருதி இறங்கும். தம் இல்லாதவனுக்கு இராகமும் இல்லை என்று மேளகாரர்கள் சொல்வது வெறும் வாய்ச்சவடால் அல்ல.

இனி ஒத்துக்கு வருகின்றேன். ஒத்து என்பது பார்வைக்கு நாதஸ்வரம் போன்றது, விரல்துளைகள் இல்லாதது. கீழேயுள்ள துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். ஒரே சுரத்தை, மேளம் நடக்கும் நேரம் முழுவதும், அறுபடாமல் ஊதிக்கொண்டிருப்பதே அதன் வேலை. கன்னத்தில் காற்றைத் தேக்கி அதை வெளிவிடும் அதே கணத்தில் மூக்கால் மூச்செடுக்கும் வித்தை அதற்கு வேண்டும். அயல்வீட்டுப் பெரியவர் பன்னிரண்டு வயதில் தகப்பனாரின் பின்னால் நின்று ஒத்து ஊதத் தொடங்கியவர். "ரெண்டு வருசம் ஒரே சுரம். அலுத்துப்போய் அழுதிருக்கிறன். ஆனா பிறகு நாயனம் கையிலை எடுத்த அண்டைக்கு மூச்சைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லித்தர வேண்டியிருக்கேல்லை" என்றார்.

அந்த இடத்தில் இன்று சுருதிப்பெட்டி இருக்கின்றது. அது சோர்வதில்லை, சுருதி பிசகுவதில்லை, சம்பளம் கேட்பதில்லை. அதை எறிந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒத்துக்காரனை அனுப்பியபோது ஒரு பள்ளிக்கூடத்தையும் சேர்த்து மூடிவிட்டோம் என்பதை நமது ஆலய பரிபாலகர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பயிலும் பிள்ளை இப்போது நேரே நாதஸ்வரத்தைத் தொடுகின்றான். தம் கூடுமுன்னரே திருவிழாவுக்குப் போகின்றான்.

சென்ற ஆண்டு ஓர் ஆலயத் திருவிழாவில் நான் பார்த்தது இதுதான். பதினேழு, பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன். அதிகாலைப் பூசையிலிருந்து நள்ளிரவுச் சுவாமி வீதியுலா வரை அவன்தான் வாசிக்கின்றான். இடையில் ஒலிபெருக்கி, ஒலிபெருக்கிக்கு மேலாக வெடிச்சத்தம், வெடிச்சத்தத்திற்கு மேலாக உபயகாரர் கேட்ட சினிமாப்பாட்டு. தேவையில்லாத உரப்புக்காக அவன் கழுத்து நரம்பு புடைக்க ஊதினான். மேற்கு வீதியில் சண்முகப்பிரியாவில் ஒரு நீண்ட கார்வை எடுத்தான். பாதியில் அது நடுங்கி அறுந்தது. சுற்றி நின்றவர்களில் இரண்டொருவர் சிரித்தார்கள். பையன் சீவாளியைக் கழற்றித் துடைப்பதுபோலப் பாவனை செய்தான். இளமைக்காலத்தில் அளவெட்டி என். கே. பத்மநாதன் அவர்களின் வாசிப்பை வீதியில் நின்று கேட்ட காது எனக்கு இருப்பதாலேயே அந்தச் சிரிப்பு சுட்டது. பிழை பையனுடையதல்ல.

பெரிய திட்டங்கள் எதையும் நான் கேட்கவில்லை. மாலை மேளத்தில் அரைமணி நேரமேனும் சுருதிப்பெட்டியை அணைத்துவிட்டு, பயிலும் ஒரு பிள்ளையைக் கூலி கொடுத்து ஒத்துக்கு நிறுத்தலாம். முழுநாள் திருவிழாவுக்கு இரண்டு சோடி நாதஸ்வரம் பேசலாம். ஒலிவாங்கி வைத்த பின்னரும் "இன்னும் உரத்து" என்று கை காட்டும் வழக்கத்தை விடலாம். வெடிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போதும். பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரை நான் குறைகூற மாட்டேன்; ஆனால் வந்திருக்கும் சில பிள்ளைகளையும் இப்படி வதைத்தால் நாளைய கொடியேற்றத்திற்கு ஒலிநாடாவைத்தான் போட வேண்டியிருக்கும். சில இடங்களில் ஏற்கெனவே அதுதான் நடக்கின்றது.

என் கதை கொஞ்சம் தேறியிருக்கின்றது. பெரியவரின் கட்டளைப்படி நாள்தோறும் காலையில் பாட்டு எதுவும் இல்லாமல், மெல்லிய ஒலியில், ஒரே சட்சத்தை மட்டும் மணிக்கூட்டைப் பார்த்துப் பிடிக்கின்றேன். தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும் என்பதும் அவரது கட்டளை. நேற்று 23 விநாடிகள் வந்தது. வேலிக்கு அப்பாலிருந்து பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். கடைசி மூன்று விநாடியும் சுருதி இறங்கிவிட்டதாம். 20 என்று எழுதச் சொன்னார்.