தொடக்கம் யாருடையது?

வானகரத்தில் நாம் குடியிருக்கும் தெருவின் முனையில், மாலை வேளைகளில் சிறுவர் சிலர் சிலம்பம் பயில்கின்றனர். அங்குக் கட்டியுள்ள பதாகை, இக்கலைக்கு ஐயாயிரம் ஆண்டு வயது சொல்கிறது. அண்மையில் மாணவர் ஒருவர் வேறொரு செய்தியோடு வந்தார். தற்காப்புக் கலைகள் யாவும் பண்டைய எகிப்தில் தோன்றியவையாம். "அப்படியானால் சிலம்பமும் அங்கிருந்துதான் வந்ததா ஐயா?" என்று கேட்ட குரலில், எதையோ பறிகொடுத்த வருத்தம் தெரிந்தது. அவ்வருத்தமும் வேண்டாம், பதாகையின் பெருமிதமும் வேண்டாம் என்பதே நம் கருத்து.

எகிப்தியச் சான்று மெய்யானது. பெனி ஹசன் குன்றில் ஏறத்தாழ கி.மு. 2000-ஐச் சேர்ந்த கல்லறைகள் உள்ளன. அவற்றுள் மூன்றாம் பாகெத்தின் கல்லறையில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட மல்லர் இணைகள் தீட்டப்பட்டுள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கு அடர்நிறம், மற்றவருக்கு வெளிர்நிறம். பின்னிக்கிடக்கும் கைகால்களில் எது யாருடையது என்பது இதனால் தெளிவாகிறது. கோலாட்டமும் போருமான தஹ்தீப் அங்கு இன்றும் ஆடப்படுகிறது. 2016-இல் அது யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆயினும், எஞ்சியவற்றுள் மூத்தது எதுவோ அதுவே தோன்றியவற்றுள் முதலாவது என்றாகிவிடாது. வறண்ட நிலத்துக் கல்லறையில் வண்ணம் நாலாயிரம் ஆண்டு நிற்கும். மழை பெய்யும் நாட்டில் மூங்கில் கழி நிற்காது. மேலும், கையும் கழியும் உள்ள இடமெல்லாம் மனிதன் மல்லாடவும் வீசவும் தானே கற்றிருக்கக் கூடும்.

இதே அளவுகோலை நம் பக்கமும் வைக்க வேண்டும். தமிழகத்துக்கும் எகிப்துக்கும் தொடர்பு இருந்தது உண்மை. செங்கடல் துறையான பெரெனிகேயில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு கிடைத்தது. குசேர் அல் காதிமில் தமிழ்ப் பிராமி பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. ஆனால் இவை கிறித்துவ ஊழியின் தொடக்கத்தை ஒட்டியவை. பெனி ஹசன் ஓவியங்களுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பிற்பட்டவை. மிளகு போனதற்கு அவை சான்று. கழி போனதற்கோ வந்ததற்கோ அல்ல. மதுரைக் கடைவீதியில் அயல்நாட்டார் சிலம்பக் கழி வாங்கியதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது என்பர். ஊர்காண் காதையின் கடைவீதியில் கவசமும் தோட்டியும் உண்டு. அந்தக் காட்சி இல்லை. போதிதருமர் கதையும் அத்தகையதே. 2011-இல் வந்த 'ஏழாம் அறிவு' அதை வீடுதோறும் சேர்த்தது. ஆனால் அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் சீன நூலான யீஜின்ஜிங் 17-ஆம் நூற்றாண்டினது. அவர் காலத்துக்கு ஓராயிரம் ஆண்டு பிற்பட்டது.

நம்மிடம் உறுதியாக இருப்பது வேறு. புறநானூற்றின் 80-ஆம் பாட்டில், போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய பிடியைச் சாத்தந்தையார் காட்டுகிறார். ஒரு கால் மார்பை அழுத்த, மறுகால் பின்புறம் தடுக்க, நடுவே மல்லன் வளைகிறான். பாகெத்தின் ஓவியன் வண்ணத்தால் செய்ததைப் புலவர் சொல்லால் செய்தார். தாமே முதல்வர் என்று இருவரும் உரிமை கோரவில்லை. கண்டதைக் கண்டபடி பதிந்தனர். அதனால்தான் இன்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நாமோ உரிமை கோருகிறோம், பதிவதில்லை. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ச்சியே. போட்டிக்கு விதி ஒருமைப்பட வேண்டும். அப்போது ஊருக்கு ஊர் வேறுபடும் சுவடுகளும் வரிசைகளும் பயிற்சியிலிருந்து நழுவிவிடும் அச்சமும் உண்டு. முதிய ஆசான்களின் காலடியை யாரும் வரைந்து வைக்காவிட்டால் அவை அவர்களோடு போய்விடும்.

அந்த மாணவரிடம் நாம் சொன்னது இதுதான்: எகிப்து உம்மிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. தெருமுனைக்குச் சென்று ஆசானிடம் ஒரு சுவட்டின் பெயரைக் கேளும்; அவர் கால் வைக்கும் முறையை ஏட்டில் எழுதும். ஐயாயிரம் ஆண்டை நம்மால் மெய்ப்பிக்க முடியாது. அடுத்த ஐம்பது ஆண்டைக் காப்பாற்ற முடியும்.