பழைய உதிரிப்பாக வியாபாரம்: நம்பிக்கைதான் முதல்

விபத்தில் நொறுங்கிய அல்லது ஓடித் தேய்ந்த ஒரு காரை வாங்கி, கழற்றி, பாகம் பாகமாக விற்பது கொழும்பு பஞ்சிகாவத்தையில் பல தசாப்தங்களாக நடந்துவரும் தொழில். எமது சமூகத்தவர் பலர் இதில் ஈடுபட்டுள்ளனர். இதைப் 'பழைய இரும்பு வியாபாரம்' என்று இளக்காரமாகப் பேசுவோரும் எம்மிடையே இருக்கிறார்கள். சிறு வியாபாரிகளின் கணக்குகளைப் பார்ப்பவன் என்ற முறையில் நான் அவ்வாறு நினைக்கவில்லை. ஒருவர் குப்பை என்று ஒதுக்கியதில் இன்னொருவருக்குத் தேவையானதைக் கண்டெடுத்துக் கொடுக்கும் தொழில் இது. ஆனால் இத்தொழிலுக்கு இன்று ஓர் ஆபத்து இருக்கிறது. அது வெளியிலிருந்து வரவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபா வரை ஏறியது. புதிய பாகத்தின் விலையைக் கேட்டு மயங்கி நின்ற வேன் சாரதிகளையும், முச்சக்கர வண்டிக்காரர்களையும், சாதாரண குடும்பங்களையும் அந்த நாட்களில் தாங்கிப் பிடித்தது பாவித்த உதிரிப்பாகங்கள்தான். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இனி எமது வியாபாரம் படுத்துவிடும் என்று சில முதலாளிமார் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் தேவையற்றது. புதிய வாகனத்தின் வரியையும் விலையையும் பார்க்கும் நடுத்தர வர்க்கம் இன்னும் பல வருடங்களுக்குப் பழைய கொரோலாவையும் சன்னியையும்தான் ஓட்டும். அவற்றுக்குப் பாகம் வேண்டும்.

உண்மையான ஆபத்து, வாடிக்கையாளர் எம்மை நம்பாமல் போவது. இரவில் களவுபோன சைட் மிரரைக் காலையில் பஞ்சிகாவத்தையில் காசு கொடுத்து வாங்கலாம் என்ற பகிடியைக் கேட்காதவர் இந்நாட்டில் குறைவு. நேர்மையாகத் தொழில் செய்யும் பெரும்பான்மையினருக்கு இது அநியாயம்தான். ஆனால் பகிடிக்குக் கோபப்படுவதால் பயனில்லை. அதைப் பொய்யாக்கும் ஏற்பாடு எம்மிடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

முதலாவது, பொருள் வந்த வழி. காப்புறுதி நிறுவனங்கள் திருத்த முடியாத வாகனங்களை டெண்டர் மூலம் விற்கின்றன. அவ்வாறு வாங்கியதற்குக் கடிதம் இருக்கும். தனியாரிடம் வாங்கினால் பதிவுச் சான்றிதழ், விற்பவரின் அடையாள அட்டைப் பிரதி, கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு ஆகியவற்றை வாங்கி வைக்க வேண்டும். செஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முழுமையாகக் கழற்றப்பட்ட வாகனத்தின் பதிவை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நீக்கிவிடுவது அவசியம். இல்லையேல் அந்தப் புத்தகமும் செஸி இலக்கமும் களவு வாகனம் ஒன்றுக்குப் போய்ச் சேரலாம். சாக்கில் போட்டுக்கொண்டு வரும் ஹெட்லைட்டையும் மிரரையும், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்கவே கூடாது. களவுப் பொருள் என்று தெரிந்தோ, பலமாகச் சந்தேகித்தோ வாங்கி விற்பதில் ஹலாலான இலாபம் இல்லை. இதற்கு ஃபத்வா தேடி அலையத் தேவையில்லை.

இரண்டாவது, குறையை மறைப்பது. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இச்சம்பவத்தை ஜும்ஆப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். எஞ்சினை மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளி நிறப் பெயின்ட் அடித்து வைப்பது எந்தக் குவியலின் மேற்புறம் என்று நாமே யோசிக்க வேண்டும். கழுவுவது தவறல்ல. ஹெட்டில் வெடிப்பு இருப்பதையும், ஒயில் குடிப்பதையும் பெயின்டுக்குள் புதைப்பதுதான் தவறு. குறையைச் சொல்லாமல் விற்றால், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது ஃபிக்ஹ் சட்டம். 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்று சுவரில் எழுதி வைப்பதால் அந்த உரிமை போய்விடாது.

கடைக்காரர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நல்ல ஒல்டனேட்டரை வாங்கிச் சென்று, தனது பழுதான ஒல்டனேட்டரைக் கொண்டுவந்து மாற்றிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கராஜ் பாஸ் வயரைப் பிழையாக இணைத்து எரித்துவிட்ட கம்பியூட்டர் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவருபவர்களும் இருக்கிறார்கள். இதற்கு மருந்து, பாகத்தில் கடையின் அடையாளத்தைப் பெயின்டால் இடுவதும், ஒரு துண்டுச் சீட்டும்தான். எந்த வாகனத்தில், எந்த வருட மொடலில் கழற்றியது, தெரிந்த குறை என்ன, எத்தனை நாட்களுக்குள் திருப்பலாம், மின்சாரப் பாகமாயின் கடையிலேயே சோதித்துக் காட்டப்பட்டதா என்ற விபரங்கள் அதில் இருந்தால் போதும். இரு தரப்புக்கும் அது பாதுகாப்பு.

மூன்றாவது, விற்கவே கூடாத பொருட்கள். கியர் பொக்ஸ், கதவு, டிக்கி மூடி, ரேடியேட்டர், ஆசனம் போன்றவற்றைப் பார்த்து, சோதித்து விற்கலாம். பிரேக் ஹோஸ், டைமிங் பெல்ட் போன்றவை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஆயுள் முடிந்திருக்கும். விபத்தில் இழுபட்ட சீட் பெல்ட்டும் அப்படித்தான். எயார் பேக் இன்னும் பயங்கரமானது. டக்காட்டா நிறுவனத்தின் எயார் பேக்குகளில் இருந்த அமோனியம் நைத்திரேற்று, வெப்பமும் ஈரப்பதனும் உள்ள இடங்களில் காலப்போக்கில் சிதைந்து, விரியும்போது வெடித்து உலோகத் துண்டுகளை வீசியது. உயிர்கள் பலியாகின. டொயோட்டா, ஹொண்டா, நிசான் உட்படப் பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான வாகனங்கள் மீள அழைக்கப்பட்டன. 2017 இல் அந்த நிறுவனம் வங்குரோத்தானது. எமது நாட்டின் காலநிலையோ வெப்பமும் ஈரப்பதனும் கொண்டது. பழைய வாகனத்தில் கழற்றிய எயார் பேக்கை இன்னொரு குடும்பத்தின் முகத்துக்கு நேரே பொருத்த விற்பதை எந்த இலாபமும் நியாயப்படுத்தாது.

நான்காவது, கணக்கு. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு காரை வாங்கவும், லொறியில் ஏற்றி வரவும், கழற்றவும் 10 இலட்சம் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். பாகங்கள் யாவும் விற்றால் 16 இலட்சம் கிடைக்கும் என்பது மதிப்பீடு. எஞ்சின், கியர் பொக்ஸ், முன்பக்கக் கதவுகள் ஆகியவை இரண்டு மாதத்தில் 10 இலட்சத்துக்குப் போய்விடுகின்றன. 'முதல் வந்துவிட்டது, மிச்சமெல்லாம் இலாபம்' என்கிறார் முதலாளி. ஆனால் மிச்சம் இரண்டு வருடம் றாக்கையில் கிடக்கிறது. அதற்கு மாதம் 15,000 ரூபா வாடகை விழுந்தால் 24 மாதத்தில் 3 இலட்சத்து 60 ஆயிரம் போய்விடும். 6 இலட்சம் என்று நினைத்த இலாபத்தில் எஞ்சுவது 2 இலட்சத்து 40 ஆயிரம்தான். வேலையாளின் சம்பளம் இதில் சேரவில்லை. ஆகவே ஒவ்வொரு வாகனத்துக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி எழுதுவதும், குறிப்பிட்ட காலத்துக்குள் விலைபோகாததை இரும்புக்குப் போட்டு இடத்தை விடுவிப்பதும் அவசியம். ஸக்காத் கணக்கிடும்போதும் இந்தப் பக்கம் உதவும். றாக்கையில் உள்ள வியாபாரப் பொருளை வாங்கிய விலையில் அன்றி, அன்றைய விற்பனை விலையில் மதிப்பிட்டு, இரண்டரை வீதம் கொடுக்க வேண்டும் என்பதே அறிஞர்களில் பெரும்பாலானோரின் கருத்து. கணக்கே இல்லாதவர் எதை வைத்து மதிப்பிடுவார்?

கழிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கானுக்குள் ஊற்றும் பழைய ஒயிலும் பற்றரி அசிட்டும் எமது பிள்ளைகளின் தண்ணீரில்தான் சேர்கின்றன. திறந்துவிடும் ஏசி வாயுவான ஆர்134ஏ, காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. ஜப்பானில் 2005 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி வாகன உரிமையாளரே மீள்சுழற்சிக் கட்டணத்தைச் செலுத்துகிறார். ஏசி வாயுவும் எயார் பேக்கும் முறைப்படி அகற்றப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2000 ஆம் ஆண்டிலேயே சட்டம் கொண்டுவந்து, 2015 முதல் வாகனத்தின் நிறையில் 95 வீதம் மீளப் பயன்பட வேண்டும் என்று விதித்தது. இங்கும் ஒருநாள் அத்தகைய சட்டம் வரலாம். அப்போது ஒழுங்காகத் தொழில் செய்பவர் அனுமதிப்பத்திரம் பெறுவார். மற்றவர் கடையை மூடுவார்.

'நான் மட்டும் சீட்டுக் கொடுத்தால் பக்கத்துக் கடைக்காரர் கொடுக்காமல் மலிவாக விற்பாரே' என்பது வழக்கமான பதில். தனி ஒருவருக்கு அது கஷ்டம்தான். ஆனால் ஒரே வீதியில் பத்துக் கடைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மாதிரியான சீட்டை அச்சிட்டால், பதினோராவது கடைக்காரரிடம் வாடிக்கையாளரே அதைக் கேட்பார். அந்தப் பத்துப் பேரைக் கூட்டிவைக்கும் பணியை வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பொறுப்பெடுக்கலாம். சீட்டுப் புத்தகம் அச்சிடப் பெரிய முதல் தேவையில்லை. நிய்யத்துத்தான் தேவை. வல்ல அல்லாஹ் எமது வியாபாரங்களில் பரகத் செய்வானாக.