சாவி கொடுத்தால் பாடும் மலை

இசைப்பெட்டி அருங்காட்சியகத்தை யாராவது மலைமேல் கொண்டுபோய் வைப்பார்களா? ஜப்பானின் கோபே நகரத்துக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். முன்னால் கடல், பின்னால் மலை, நடுவே ஒடுங்கிய துண்டு நிலத்தில் ஊர். அந்த மலைக்குப் பெயர் ரொக்கோ. உச்சி 931 மீட்டர். ஹான்க்யூ ரயிலில் வந்து இறங்கி, டவுன் பஸ் பிடித்து அடிவாரம் போனால் மேலே இழுத்துப்போகும் கம்பி ரயில் நிற்கிறது. பழநியில் விஞ்ச் என்கிறோமே, அதே ஏற்பாடுதான். 1932இல் ஓடத் தொடங்கியது. ஒரு பெட்டி ஏற, இன்னொன்று இறங்க, பாதி வழியில் இரண்டும் ஒதுங்கி வழிவிட்டுக்கொள்கின்றன. பத்தே நிமிடம். கீழே வியர்த்துக் கொட்டியவர்கள் மேலே போனதும் பையில் சட்டை தேடுகிறார்கள். நகரத்தைவிட ஐந்தாறு டிகிரி குறைவு.

மலையைக் கண்டால் அந்தக் கால ஆங்கிலேயருக்குக் கை சும்மா இருக்காது, நீலகிரியே சாட்சி. கோபே துறைமுகத்தில் வணிகம் செய்த ஆர்தர் ஹெஸ்கத் குரூம் 1895இல் ரொக்கோ மேல் ஒரு வீடு கட்டினார். 1903இல் ஜப்பானின் முதல் கோல்ஃப் கிளப்பும் அவர் முயற்சியால் இங்கேதான் பிறந்தது. பிறகு கம்பி ரயில், தாவரத் தோட்டம் என்று ஒவ்வொன்றாக மலையேறி வந்தன. 1994இல் இசைப்பெட்டிகளும் வந்து சேர்ந்தன. 2021இல் அருங்காட்சியகத்தைப் புதுப்பித்து, சுற்றியிருக்கும் மரங்களையும் குளத்தையும் சேர்த்துத் தோட்டமாக்கி, ‘ரொக்கோ காட்டின் ஒலி’ என்று பொருள்படும் பெயரும் சூட்டினார்கள்.

கருவிகளைக் கண்ணாடிக்குள் பூட்டிவைக்கும் அருங்காட்சியகம் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே கச்சேரி உண்டு. ஒரு நாளில் பல முறை, குறிப்பிட்ட நேரங்களில், பணியாளர் ஒருவர் மேடைக்கு வந்து, எந்த ஊரில் செய்தது, எந்தக் காலத்தது என்று சொல்லிவிட்டுச் சாவி கொடுக்கிறார். வாசிப்பவர் யாரும் இல்லாத கச்சேரி. ஆனாலும் கூடம் முழுக்க முன்னால் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறது. காரணம், வரும் ஒலி மிகச் சின்னது. பக்கத்தில் ஒருவர் பையைத் திறந்தால் ஒரு ஸ்வரம் போய்விடும்.

பெட்டிக்குள் இருப்பது எளிய சங்கதிதான். ஒரு பித்தளை உருளை. அதன்மேல் மயிரிழை போன்ற ஊசிகள். எதிரே எஃகுச் சீப்பு. உருளை சுழலும்போது ஊசி ஒரு பல்லைத் தூக்கி விடுகிறது. பல் அதிர்ந்து பாடுகிறது. நீளமான பல்லுக்குக் கீழ் ஸ்தாயி, குட்டைப் பல்லுக்கு மேல் ஸ்தாயி. கீழ் ஸ்தாயிப் பற்களின் அடியில் ஈயத்துண்டு ஒட்டிக் கனமாக்குவார்கள். அதிர்ந்துகொண்டிருக்கும் பல்லை அடுத்த ஊசி தொட்டால் கரகரக்கும். அதைத் தடுக்கப் பற்களுக்குக் கீழே மெல்லிய கம்பித் துணுக்குகள் உண்டு. ஸ்பிரிங் ஒரேயடியாக அவிழ்ந்துவிடாமல் காற்றை எதிர்த்துச் சுழலும் சிறு விசிறி ஒன்று வேகத்தைப் பிடித்துவைக்கிறது. உருளையை இம்மியளவு பக்கவாட்டில் நகர்த்தினால் வேறு வரிசை ஊசிகள் முன்னுக்கு வரும், வேறு பாட்டு. இந்தச் சீப்பு யோசனை ஜெனீவாவின் கடிகாரக் கைவினைஞர் அந்துவான் ஃபாவ்ருடையது. ஆண்டு 1796.

ஜெனீவாவில் பிறந்த இந்த வித்தையும் மலையேறியது. ஸ்விட்சர்லாந்தின் ஜூரா மலைத்தொடரில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் சான்ட் க்ருவா என்று ஓர் ஊர். பனிக்காலத்தில் வயல்வேலை கிடையாது. கை ஓயாமல் இருக்கவும் காசு வரவும் வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடிய வேலை வேண்டும். செய்த பொருள் சின்னதாக இருக்க வேண்டும், மலையிறங்கிப் போனால் நல்ல விலைக்கு விற்கவும் வேண்டும். இசைப்பெட்டி இந்தக் கணக்குக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஓர் உருளைக்கே ஆயிரக்கணக்கான ஊசிகள். அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் செருகியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேடையில் பளபளக்கும் பெட்டியின் மூடியில் கம்பெனியின் பெயர் இருக்கும். ஊசி செருகிய பெண்ணின் பெயர் எந்தப் பெட்டியிலும் இருக்காது.

உருளையின் ராஜ்யத்தை 1880களில் லைப்சிக் நகரத்து உலோகத் தட்டு ஆட்டம் காண வைத்தது. சிம்ஃபோனியன், பாலிஃபோன் என்ற கம்பெனிகள் துளையிட்ட வட்டத் தட்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. தட்டை மாற்றினால் பாட்டு மாறும். பெட்டியை மாற்ற வேண்டாம். பாலிஃபோனைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிராக்ஹவுசன் அமெரிக்கா போய் ரெஜினா கம்பெனியை நிறுவினார். காசு போட்டால் பாடும் ஆளுயரப் பெட்டிகள் மதுக்கடைகளுக்கும் ரயில் நிலையங்களுக்கும் வந்தன. அந்தப் பகட்டு நீடிக்கவில்லை. கிராமபோன் வந்து மனிதக் குரலையே பாட வைத்தபின் மணியோசைக்கு யார் காசு போடுவார்கள்? ரெஜினா வேக்வம் கிளீனர் செய்யப் போனது. சான்ட் க்ருவாவின் தோரன்ஸ் இசைத்தட்டுக் கருவிகளுக்கு மாறியது. அதே ஊரின் பய்யார் கம்பெனி ஹெர்மிஸ் தட்டச்சுப்பொறியும் போலெக்ஸ் கேமராவும் செய்தது. இசைப்பெட்டியில் பழகிய விரல்களுக்கு வேலை இல்லாமல் போகவில்லை.

இசைப்பெட்டியும் அழியவில்லை, மலை மாறியது. ஜப்பானின் நாகானோ மலைநாட்டில், ஒரு காலத்தில் பட்டு நூற்ற சுவா ஏரிக்கரையில் 1946இல் சான்க்யோ கம்பெனி தொடங்கியது. போரில் நொந்த நாடு ஏற்றுமதிக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்த காலம். சில ஆண்டுகளில் சான்க்யோ இசைப்பெட்டி செய்யத் தொடங்கி, பிற்பாடு உலகிலேயே மிகப் பெரிய தயாரிப்பாளர் ஆனது. பரிசுக்கடையில் மூடியைத் திறந்தால் பொம்மை சுழன்று ஆடும் பெட்டியை நீங்கள் வாங்கியிருந்தால், அதற்குள் இருந்தது சுவாவில் செய்த சீப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கச்சேரியின் முடிவில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரத்து டெக்காப் ஆர்கனை முடுக்கினார்கள். நடனக் கூடங்களுக்காகச் செய்தது. அக்கார்டியன், மத்தளம் எல்லாம் தானே முழங்கும். துளையிட்ட அட்டைப் புத்தகம் பாட்டைச் சொல்ல, காற்று வாசிக்கிறது. கூடம் அதிர்ந்தது, குழந்தைகள் குதித்தார்கள். எனக்கென்னவோ அதற்கு முன் கேட்ட சின்னப் பெட்டிதான் காதில் நின்றது. இசைத்தட்டோ கைபேசியோ தருவது என்றோ யாரோ பாடியதன் நிழல். இசைப்பெட்டி எதையும் நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வதில்லை. நூறு ஆண்டுப் பழைய எஃகு இந்த நிமிடம் நம் முன்னே அதிர்கிறது. அந்தக் காலத்துப் பாட்டி கேட்ட அதே பல், அதே அதிர்வு.

பக்கத்திலேயே, 865 மீட்டர் உயரத்தில், உயர்மலைத் தாவரத் தோட்டம். ஜப்பானியத் தாவரவியலின் தந்தை எனப் போற்றப்படும் மகினோ தொமிதாரோவின் ஆலோசனையோடு 1933இல் திறந்தது. சுமார் 1,500 வகைச் செடிகள். ஆல்ப்ஸின் எடெல்வைஸ் இங்கே பூக்கிறது. இமயத்து நீலப் பாப்பியும் உண்டு. ஸ்விஸ் பெட்டியைக் கேட்டுவிட்டு வெளியே வந்தால் ஸ்விஸ் மலைப்பூ. உள்ளூர்ப் பூவுக்கோ அதைவிடப் பெரிய கதை. ஷிச்சிதான்கா என்ற ஹைட்ரேஞ்சியாவை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் சீபோல்ட் தன் தாவர நூலில் பதிவுசெய்தார். அதன்பின் அந்தச் செடியை யாரும் காணவில்லை. படத்தில் மட்டும் வாழும் பூ என்றே ஆகிவிட்டது. 1959இல் இதே ரொக்கோ சரிவில் அது அகப்பட்டது. நட்சத்திரம்போல் அடுக்கடுக்கான இதழ்கள், மங்கலான நீலம். கோபேயின் நகர மலரும் ஹைட்ரேஞ்சியாதான்.

ஆக, மலைக்கும் இசைப்பெட்டிக்கும் உறவு இல்லாமல் இல்லை. ஜூராவிலும் சுவாவிலும் மலைவாசிகள் அதைச் செய்தார்கள். ரொக்கோவில் மலை அதைக் கேட்க வைக்கிறது. பஸ் ஹாரனும் கடைவீதி ஸ்பீக்கரும் இருக்கும் தெருவில் வைத்திருந்தால், இத்தனை சின்ன ஒலிக்குப் பிழைக்க வழியே இல்லை.

ஒசாக்கா, கியோட்டோ போகிற நம்மவர்கள் கோபேயை விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் ஒதுக்குங்கள். ஜூலை நடுவில் போனால் கீழே ஊரில் ஹைட்ரேஞ்சியா வாடிய பிறகும் மேலே பூத்துக் குலுங்கும். குளிர்காலத்தில் தாவரத் தோட்டம் மூடியிருக்கும். போனதும் முதல் வேலையாகக் கச்சேரி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், மிச்ச நேரத்தைத் தோட்டத்துக்குக் கொடுங்கள். முக்கியமாக, கைபேசியில் பதிவுசெய்ய முயலாதீர்கள். அந்த ஒலி அதற்குள் அடங்காது.