ஹால் எங்கே, தாத்தா?

என் பேத்திக்கு எட்டு வயது. கண்ணில் படுகிற பலகையை எல்லாம் உரக்கப் படித்துவிடுவாள். சென்ற மாதம் கோயமுத்தூரில் ஒப்பணக்கார வீதியில் புடவை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, "வெரைட்டி ஹால் ரோடு" என்று படித்துவிட்டு, "ஹால் எங்கே, தாத்தா?" என்றாள்.

நியாயமான கேள்விதானே? பிள்ளையார் இருந்தால்தானே பிள்ளையார் கோயில் தெரு!

சாமிக்கண்ணு வின்சென்ட் என்று ஒருவர். இந்த ஊர்க்காரர், திருச்சியில் ரயில்வே உத்தியோகம். 1905-ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே படம் காட்ட வந்தார். உடம்புக்கு முடியாமல் அவர் ஊர் திரும்ப நேர்ந்ததும், அவருடைய கருவியையும் படச் சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கிவிட்டார். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கூடாரமும் கையுமாகப் புறப்பட்டால் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்! நம் வீடாக இருந்தால் அன்று அடுப்பே மூட்டியிருக்க மாட்டார்கள்.

அவரோ ஏசுநாதர் சரித்திரத்தை ஊமைப் படமாக ஊர் ஊராகக் காட்டினார். வடக்கே பெஷாவர் வரை போனார். 1914-ல் சொந்த ஊரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அதுவரை கூடாரத்தைப் பிரித்தால் படமும் ஊரை விட்டுப் போய்விடும். அன்று முதல் படம் ஊரிலேயே குடியேறிவிட்டது. 1933-ல் அவர் கல்கத்தாக் கம்பெனியோடு சேர்ந்து 'வள்ளி திருமணம்' என்ற பேசும் படத்தையும் எடுத்தார். அதில் வள்ளி, டி. பி. ராஜலட்சுமி.

பின்னாளில் ஹாலுக்கு 'டிலைட்' என்று பெயர் வந்தது. இப்போது அங்கே படம் கிடையாது. பழைய பெயர் மட்டும் தெருவில் நிற்கிறது.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். நடுவில் நாலு திருத்தமாவது சொல்லும் என் மனைவி அன்று வாய் திறக்கவே இல்லை. பிறகு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உன் வயசிலே எங்க அம்மா என்னை டிலைட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தாங்க, கண்ணு. கல்யாணமாகி வந்த பிறகு, கோயிலைத் தவிர அவங்க போன ஒரே இடம் அதுதான். இருட்டிலே எங்க அம்மா வாய்விட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை."

நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்கு இது தெரியாது!

உங்கள் ஊரிலும் ஒரு பழைய கொட்டகை இருந்திருக்கும். வீட்டிலே பாட்டி இருந்தால், இன்று சாப்பாடானதும் கேட்டு வையுங்கள். தெருப் பலகை பெயரைத்தான் சொல்லும், சிரிப்பைச் சொல்லாது.