‘மாணவர் குறைவு’ யாருடைய சாதனை?

சென்னையில் ஓர் உயர்நிலைப் பள்ளியைக் காலி செய்ய, பள்ளியைத் தொடவே வேண்டியதில்லை. சுற்றியிருக்கும் குடிசைகளை அகற்றினால் போதும். இரண்டு மூன்று ஆண்டுகளில் வருகைப் பதிவேடு இளைத்துவிடும். பிறகு ‘மாணவர் எண்ணிக்கை குறைவு, அருகிலுள்ள பள்ளியோடு இணைக்கலாம்’ என்று யாராவது பேசத் தொடங்குவார்கள். குறைந்தது எப்படி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் யார்? பெரும்பகுதி தலித் மக்கள். அண்ணா அமைச்சரவையில் இருந்த தலித் தலைவரின் பெயரைத் தாங்கிய சத்தியவாணி முத்து நகரை 2019 டிசம்பர் இறுதியில் இடித்தார்கள். கல்வியாண்டின் நட்டநடு. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு மூன்று மாதத்தில். 20 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் தொங்கிக்கொண்டு பழைய பள்ளிக்கு வா, இல்லையென்றால் நின்றுவிடு என்பதுதானே இதற்குப் பொருள்?

என் ஆய்வுக்காக ஓராண்டாக ஒரு மாநகராட்சி உயர்நிலைப் பள்ளிக்குப் போய்வருகிறேன். ஆறு முதல் பத்து வரை நூற்றுச் சொச்சம் பிள்ளைகள்தான். தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு எந்தப் பெண் தாமதமாக வருவாள், பெரும்பாக்கத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வருகிற பையன் எவன் என்பதெல்லாம் கணக்கு டீச்சருக்கு அத்துப்படி. அவர்களுக்கு இரண்டாம் பாடவேளை வரை ‘ஆப்சென்ட்’ போடமாட்டார். இரண்டு நாள் ஒரு பிள்ளை வரவில்லையென்றால் மதிய இடைவேளையில் தெருவுக்கே போய் விசாரிக்கிறார். ஆயிரம் பேர் படிக்கிற இடத்தில் இது நடக்குமா?

சின்னப் பள்ளியில் ஆய்வகம் ஒழுங்காக இருக்காது, பாடத்துக்கொரு ஆசிரியர் கிடைக்கமாட்டார் என்கிறார்கள். உண்மைதான். அப்படியானால் ஆய்வகத்தையும் ஆசிரியரையும் அனுப்புங்கள். பிள்ளைகளை ஏன் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் அனுப்புகிறீர்கள்? வயதுக்கு வந்த பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப யோசிக்கும் வீடுகள் இந்த நகரத்தில் இன்றும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், ‘வகுப்புக்கு இருபதே பேர், தனிக் கவனம்’ என்று விளம்பரம் செய்து லட்சக்கணக்கில் வாங்குகின்றன தனியார் பள்ளிகள். அங்கே அது தரம். சேரிப் பிள்ளைக்குக் கிடைத்தால் வீண்செலவு.

இன்னொரு பக்கம், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களுக்கான கட்டணத்தை அரசே தனியாருக்குச் செலுத்துகிறது. அந்த இடம் கிடைத்த பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் “அது சேரிப் பசங்க ஸ்கூலுங்க” என்று சொல்லிப் பிள்ளையை மாற்றிய இடைநிலைச் சாதிப் பெற்றோர் சிலரை இதே தெருக்களில் சந்தித்தேன். எண்ணிக்கைக் குறைவில் அவர்கள் பங்கும் இருக்கிறது. எந்தப் புள்ளிவிவரப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது.

பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைக்க 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்த மாநகராட்சி இது. இணைப்புப் பேச்சு வரும் இடங்களில் பெற்றோர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒன்றைக் கேட்க வேண்டும்: கடந்த ஐந்தாண்டுகளில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப்போன ஒவ்வொரு பிள்ளையும் இப்போது எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் படிக்கிறது? அந்தப் பட்டியலை எழுத்தில் கொடுக்கட்டும். இணைப்பைப் பற்றிப் பிறகு பேசலாம்.